கர்ணன் ஏன் பேசவில்லை?



கீழ்பென்னாத்தூரில் பெரியப்பா வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் அண்ணாமலை தெரியும். தீபத்தன்று வீடே மாடியில்தான் இருக்கும். போன மாதம் நான் போனபோது எல்லோரும் கூடத்தில், புது டிவி முன்னால் கூடியிருந்தார்கள்.

2007-இல் மோசர் பேர் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கிய காலத்தில், திருவண்ணாமலைக்குப் போய்விட்டு வெறுங்கையோடு வீடு திரும்பாதவர் பெரியப்பா. இரண்டு டிரங்குப் பெட்டி நிறையச் சேர்ந்துவிட்ட அந்தப் படங்களைப் பேரன் ஒரு ஹார்டு டிஸ்கில் ஏற்றியிருந்தான். முதலில் 'கர்ணன்' போட்டான். சிவாஜி வாயசைக்கிறார், சத்தம் மட்டும் இல்லை. "டிவி ஸ்பீக்கர் போச்சா?" என்றார் பெரியம்மா.

ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருந்தது. அந்த ஃபைலில் ஒலி டிடிஎஸ் வகை. படத்தை ஓட்டத் தெரிந்த டிவிக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை. அடுத்து அக்கா கல்யாண விசிடி. அந்த ஃபோல்டர் காலி என்றே டிவி காட்டியது. விசிடி ஃபைல்களின் பெயர் 'டேட்' என்று முடியும். அதை 'எம்பிஜி' என்று மாற்றியதும் மாப்பிள்ளை அழைப்பு ஓட ஆரம்பித்தது. ஆனால் எல்லோருக்கும் கன்னம் உப்பியிருந்தது! பழைய சதுரப் படத்தை டிவி அகலமாக இழுத்துவிட்டிருந்தது. நடுவில் ஹார்டு டிஸ்க் வேறு 'டிக் டிக்' என்று அடித்து நின்றது. டிவியின் யுஎஸ்பி துளை தரும் கரண்ட் அதற்குப் போதவில்லை.

பழைய டிவிடி பிளேயரிலேயே பென் டிரைவ் போட்டுப் பார்க்கலாம் என்றேன். அது ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த டிரைவை மட்டும்தான் படிக்கும். அந்த முறையிலோ 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைலை வைக்க முடியாது.

கடைசியில் புது மீடியா பிளேயர்தான் வாங்க வேண்டியிருந்தது. அப்படி வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும் 4கே, 8கே எல்லாம் அப்புறம். உங்களிடம் உள்ளதிலேயே தகராறு செய்யும் நாலு ஃபைலைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். அங்கேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை.

நாங்கள் அப்படித்தான் ஒரு சின்ன ஆண்ட்ராய்டு பாக்ஸ் வாங்கினோம். அதில் காசில்லாமல் கிடைக்கும் விஎல்சி செயலியைப் போட்டதும் கர்ணன் பேசிவிட்டார். டிஸ்குக்குத் தனி கரண்ட் தரும் யுஎஸ்பி ஹப் ஒன்றும் வாங்க வேண்டியிருந்தது. பெரியம்மாவுக்குப் பிடித்தது வேறு விஷயம். இடைவேளைக்கு முன்பே தூங்கிவிடுகிறவர் அவர். மறுநாள் அதே படத்தைத் தொட்டால், விட்ட இடத்திலிருந்து ஓடுகிறது.

டிரங்குப் பெட்டிகளைக் காலி செய்து கம்பளி வைக்கலாம் என்று பெரியம்மா சிடிக்களை எடைக்குப் போட எடுத்து வைத்தார். பெரியப்பா விடவில்லை. "அது ஒருநாள் புட்டுக்கினா என்னடா பண்ணுவ?" என்று ஹார்டு டிஸ்கைக் காட்டி என்னைக் கேட்டார். மறு வாரமே பேரனை அனுப்பி இன்னொரு டிஸ்க் வாங்கி, எல்லாவற்றையும் அதிலும் ஏற்றச் சொன்னார். அது இப்போது பீரோவில், நகைப்பெட்டி பக்கத்தில் இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்