ஓட்டைக் குடமும் ஊதாங்குழலும்



சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு மாலை, என் பழைய மாணவன் ஒருவன் வீடு தேடி வந்தான். இருபது வயதுப் பையன். பாகான் செராய் பட்டணத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை செய்கிறான். சாக்கில் சுற்றியிருந்த பொருளைப் பிரித்துக் காட்டினான். செம்பனைத் தோட்டத்தில் தோளில் மாட்டிக்கொண்டு புல் வெட்டுகிறார்களே, அந்த மெஷினின் 33 சி.சி. டூ ஸ்ட்ரோக் என்ஜின். பழைய இரும்புக் கடையில் வாங்கினானாம். பிளைவுட்டில் நாலடிப் படகு செய்து, இந்த என்ஜினைப் பூட்டி, ரேடியோ கருவியால் கரையில் நின்றபடியே நெல்வயல் கால்வாயில் ஓட்டுகிறான்.

"வேகம் பத்தல சார். பேட்டரியில காத்து ஊதுற மெஷின் ஒண்ண கார்புரேட்டர் வாயில வச்சு ஊதினேன். ரெண்டே நிமிசத்துல பிஸ்டன் பிடிச்சுக்கிச்சு. ஏன் சார்?"

அந்த 'ஏன் சார்' என்னைச் சுட்டது. ஐந்தாம் ஆண்டில் அவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அவன் புத்தகம் முழுவதும் சிவப்பு மைதான். "இவன் மண்டையில் எதைக் கொட்டினாலும் நிற்காது" என்று ஒரு நாள் வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். அவன் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

சரி, என்ஜினைப் பார்ப்போம்.

விறகடுப்பில் ஊதாங்குழலால் ஊதினால் தீ கொழுந்துவிட்டு எரிகிறதல்லவா? என்ஜினுக்கும் அதே கதைதான். அதிகக் காற்று, அதற்கேற்ற பெட்ரோல், அதிகச் சக்தி. காற்றை இப்படி வலிந்து உள்ளே தள்ளும் கருவிக்குச் சூப்பர்சார்ஜர் என்று பெயர். பையனின் எண்ணத்தில் தவறில்லை. ஆனால் இரண்டு விஷயங்களை அவன் கவனிக்கவில்லை.

முதலாவது, இந்தக் கார்புரேட்டர் பெட்ரோலை உறிஞ்சித்தான் எடுக்கிறது. நாம் குழாய் போட்டு இளநீர் குடிப்பதுபோல! வாயில் காற்றை ஊதினால் உறிஞ்சும் வேகம் குறைகிறது. காற்று கூடுகிறது, பெட்ரோல் குறைகிறது, சூடு ஏறுகிறது. டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கு வேண்டிய எண்ணெயும் பெட்ரோலோடு கலந்தே வருவதால், பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைந்துபோகும். பிறகு பிஸ்டன் பிடிக்காமல் என்ன செய்யும்?

இதைச் சொன்னதும் பையன் பிடித்துக்கொண்டான். புதுப் பிஸ்டன் போட்டு, ஊதும் காற்றில் ஒரு பங்கைச் சிறு குழாய் வழியாகக் கார்புரேட்டரின் சவ்வுக்குப் பின்பக்கம் கொடுத்தான். இரு பக்கமும் அழுத்தம் சமமானது. பெட்ரோல் ஒழுங்காக வந்தது. ஆனால் மறு வாரம் முகம் வாடி வந்தான். "வேகம் கொஞ்சங்கூட ஏறல சார். சைலன்சர்ல பச்சைப் பெட்ரோலா ஒழுகுது."

இதுதான் அவன் கவனிக்காத இரண்டாவது விஷயம். நம் கார்களில் உள்ள ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினில் புகை போகும் வாசலுக்கு வால்வு என்ற கதவு உண்டு. கதவை மூடிய பிறகு காற்றை அடைத்தால் உள்ளேயே நிற்கும். சிறிய டூ ஸ்ட்ரோக்கில் அந்தக் கதவு இல்லை. சிலிண்டர் சுவரில் இருப்பவை வெறும் துவாரங்கள். பிஸ்டன் கீழே இறங்கும்போது புகை வாசல் முதலில் திறக்கும், பிறகு புதுக் கலவை வரும் வாசல் திறக்கும். மேலே ஏறும்போது வரும் வாசல் முதலில் மூடும். புகை வாசல் கடைசியாகத்தான் மூடும். அந்த இடைவெளியில் எவ்வளவு ஊதினாலும் வந்த வழி வேறு, போகிற வழி வேறு என்று வெளியே போய்விடும். ஓட்டைக் குடத்தில் ஊற்றிய நீர்தான்!

பெரிய கப்பல்களின் டூ ஸ்ட்ரோக் டீசல் என்ஜின்களில் காற்றை ஊதத்தானே செய்கிறார்கள் என்று சிலர் கேட்கலாம். அங்கே ஊதுவது வெறும் காற்று. வாசல் மூடிய பிறகே டீசலைப் பீய்ச்சுகிறார்கள். காற்று கொஞ்சம் வெளியே போனாலும் எண்ணெய் நஷ்டமில்லை.

இந்த ஆசை பழையது. ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. நிறுவனம் 1930களில் தன் 250 சி.சி. பந்தய வண்டியில் காற்றடைக்கத் தனிப் பம்பு வைத்தது. புகை வாசல் முன்னதாக மூட வேண்டும் என்பதற்காக, ஒரே எரியறைக்கு இரண்டு பிஸ்டன்களையும் வைத்தது. 1938-ல் மேன் தீவுப் பந்தயத்தில் எவால்ட் குளூகே அந்த வண்டியில்தான் வென்றார். பெட்ரோலை அது மடமடவென்று குடித்தது என்பது வேறு கதை. 1946-ல் மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் சூப்பர்சார்ஜரையே தடை செய்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் வால்டர் காடன் என்ற பொறியியலாளரின் பெயர் வெளியே தெரிந்தது. கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். நிறுவனத்தில் வேலை செய்தவர். உள்ளே ஊதுவதை விட்டுவிட்டு, வெளியே போவதைத் திருப்பி அனுப்பும் வழியைச் செம்மைப்படுத்தினார். புகைக் குழாயை முதலில் கூம்புபோல் விரியச் செய்தார், பிறகு குறுகச் செய்தார். புகை 'பட்' என்று வெளியேறும்போது ஓர் ஒலி அலை குழாயில் ஓடுகிறது. விரியும் பகுதி உறிஞ்சலைத் திருப்பி அனுப்பிப் பழைய புகையை இழுக்கும். குறுகும் பகுதியில் மோதித் திரும்பும் அலையோ, வெளியே நழுவிய புதுக் கலவையை, வாசல் மூடுவதற்குச் சற்று முன் மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளிவிடும். கதவில்லாத வீட்டுக்குக் காற்றாலேயே கதவு!

1961-ல் எம்.இசட். வண்டி வெறும் 125 சி.சி.யில் சுமார் 25 குதிரைத் திறன் கொடுத்தது. அதே ஆண்டு அதன் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குப் பக்கம் தப்பிச் சென்று, ஜப்பானின் சுசுகியில் சேர்ந்தார். 1962-ல் 50 சி.சி. உலகப் பட்டத்தையும் வென்றார். நம் ஊர்ப் பையன்கள் ஆர்எக்ஸ்இசட் வண்டியில் மாற்றிப் பூட்டும் வயிறு பருத்த குழாய் இருக்கிறதே, அது காடனின் வழி வந்த பிள்ளைதான்.

"அப்ப குழாய் எவ்ளோ நீளம் வைக்கணும் சார்?" என்றான் பையன்.

கணக்கு! சமையலறை மேசையில் இருவரும் உட்கார்ந்தோம். நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு ஒரு விநாடியில் ஆயிரத்தில் 6 பங்கு. புகை வாசல் ஏறக்குறைய அரைச் சுற்று திறந்திருக்கும். ஆகவே 3 பங்கு. சூடான புகையில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 500 மீட்டர். அந்த நேரத்தில் அலை ஒன்றரை மீட்டர் ஓடும். போய்த் திரும்ப வேண்டுமே? பாதி, 75 சென்டிமீட்டர். இது தோராயம்தான், மீதியை வெட்டி ஒட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் பென்சிலைக் கீழே வைக்குமுன் அவன் கேட்டான்: "5,000 சுத்துல ஓடினா வாசல் ரெண்டு மடங்கு நேரம் திறந்திருக்குமே சார். அலை முன்னாடியே வந்துட்டுப் போயிடுமே?"

உண்மை. ஒரு வேகத்துக்கு அளந்த குழாய் மற்ற வேகத்தில் உதவாது. நான் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டான். யார்? எதுவும் மண்டையில் நிற்காது என்று நான் சொன்ன அதே பையன்!

தகரத்தை வெட்டிக் கூம்பு செய்து பற்றவைத்தான். மூன்று குழாய் வீணாயிற்று. நான்காவது குழாயோடு, 12 விநாடியில் கடந்த 60 மீட்டரைப் படகு 10 விநாடியில் கடந்தது. மெதுவாகப் போகும்போது இருமுகிறது. வேகம் பிடித்தால் சீறுகிறது. ஊதும் மெஷின் இப்போது பட்டறையில் தூசி தட்டப் பயன்படுகிறது.

பெற்றோர்களே, இளைஞர்களே, ஒரு வார்த்தை. இந்தச் சோதனையைச் சாலையில் ஓட்டும் வண்டியில் செய்யாதீர்கள். அது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. என்ஜினை உறுதியாகப் பிணைத்து, காதை அடைத்துக்கொண்டு, பெட்ரோல் டின்னைத் தள்ளி வைத்து, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

இன்னொரு வார்த்தை எனக்கும் சேர்த்து. காலையில் பள்ளி, மாலையில் டியூஷன், இரவில் வீட்டுப்பாடம் என்று பிள்ளைகளுக்குள் ஊதிக்கொண்டே இருக்கிறோம். ஒழுகினால் இன்னும் பலமாக ஊதுகிறோம். எதனால் ஒழுகுகிறது, எது கிடைத்தால் உள்ளே தங்கும் என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோமா? இந்தப் பையனுக்கு ஒரு படகு தேவைப்பட்டது. பத்து வருஷங்களுக்கு முன் அதை நான் கேட்டறியவில்லை.

அன்று சொன்ன சொல்லுக்கு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ சார்" என்று சிரித்தான். ஆக, அவனும் மறக்கவில்லை!

தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றுக்கு மனுப் போட்டிருக்கிறான். படிவத்தை நான்தான் உடனிருந்து நிரப்பினேன். பதில் இன்னும் வரவில்லை. வந்ததும் இதே பக்கத்தில் எழுதுகிறேன்.