ஏழாவது பயணிக்கும் சட்டம் வேண்டும்



மாகிம், சயனைத் தாண்டித் தெற்கே ஆட்டோ ஓடாது. தாராவியிலிருந்து மாட்டுங்கா, தாதர் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு ரயிலையும் பஸ்ஸையும் விட்டால் டாக்ஸிதான். அதையும் பங்கிட்டுக்கொண்டால்தான் கட்டுப்படியாகும். ஆனால் ஏழாவது பயணி ஏறும் வண்டிக்குச் சட்டம் மாறிவிடுகிறது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2-ஆவது பிரிவு, ஓட்டுநர் நீங்கலாக 6 பேர் வரை ஏறும் வாடகை வண்டியை மோட்டார் கேப் என்கிறது. 7 முதல் 12 பேர் வரை என்றால் அது மேக்ஸி கேப். மோட்டார் கேபில் ஆளுக்குத் தனித்தனியே கட்டணம் வாங்கினாலும் அது ஒப்பந்த வண்டியே என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஷேர் டாக்ஸிக்கு அதுதான் பாதுகாப்பு. மேக்ஸி கேபுக்கு அப்படி எழுதப்படவில்லை. தலைக்கு இவ்வளவு என்று வாங்கினால் அது பஸ்ஸைப் போல ஸ்டேஜ் கேரியேஜ் கணக்கில் வருகிறது; அதற்கு வேறு பெர்மிட் தேவை.

இந்த இடைவெளியின் சுமை பயணி மீதுதான் விழுகிறது. விபத்து நேர்ந்தால், பெர்மிட் மீறல் என்று காப்பீட்டு நிறுவனம் வாதாட இடமிருக்கிறது.

தாராவியின் குறுகலான தெருக்களுக்கு பஸ்ஸைவிடச் சிறிய மேக்ஸி கேப்பே பொருந்தும். எனவே மத்திய அரசு ஒப்பந்த வண்டி பற்றிய வரையறையைத் திருத்த வேண்டும். மாநில அரசு வழித்தடமும் கட்டணமும் நிர்ணயித்து மேக்ஸி கேப்களுக்கு முறையான பெர்மிட் வழங்க வேண்டும். தாராவி மறுசீரமைப்புத் திட்டத்திலும் இவற்றுக்கு நிறுத்தங்கள் ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தாராவி, மும்பை.