எச்சில் கொடுத்தது ஒருவர். ஏலம் போனது பரம்பரை!

அமெரிக்காவில் 1 கோடியே 50 லட்சம் பேரின் பரம்பரை ரகசியம் ஏலத்துக்கு வந்தது. வாங்குவதற்குப் போட்டா போட்டி! கடைசியில் 30 கோடியே 50 லட்சம் டாலருக்கு விலை படிந்தது. கணக்குப் போட்டால் தலைக்குச் சுமார் 20 டாலர்.

திவாலான கம்பெனியின் மேஜை நாற்காலி ஏலம் போகலாம். கட்டிடம் ஏலம் போகலாம். மனிதனின் ரத்த சம்பந்தம் ஏலம் போகலாமா? அதுவும் அவனைக் கேட்காமல்?

2025-ம் ஆண்டு அங்கே நடந்தது இதுதான்.

குப்பியில் துப்பு, தபாலில் அனுப்பு!

கம்பெனியின் பெயர் '23 அண்ட் மீ'. கலிபோர்னியாவில் 2006-ல் ஆரம்பிக்கப்பட்டது. மனித செல்லுக்குள் 23 ஜோடி குரோமோசோம்கள் உண்டு. அதை வைத்துத்தான் இந்தப் பெயர்.

வியாபாரம் சுலபமானது. சின்னக் குப்பியில் எச்சிலைத் துப்பித் தபாலில் அனுப்பினால் போதும். கம்பெனி அதிலுள்ள டி.என்.ஏ.வைச் சோதித்துச் சொல்லும். முன்னோர்கள் எந்தப் பக்கத்து ஆட்கள், என்ன வியாதி வர வாய்ப்பு, தூரத்துச் சொந்தம் யார் யார், எல்லாம் வீடு தேடி வரும். 2007-ல் கட்டணம் 999 டாலர். 2012-ல் அது 99 டாலராக இறங்கியது. ஜனங்கள் குவிந்தார்கள்.

யாரும் ஓசியில் துப்பவில்லை. காசு கொடுத்துத் துப்பினார்கள். அப்படிச் சேர்ந்த தகவலை நம்பித்தான் 2018-ல் கிளாக்சோ என்ற பெரிய மருந்துக் கம்பெனி 30 கோடி டாலர் முதலீடு செய்தது. காசு கொடுத்தவனும் வாடிக்கையாளன். கடைசியில் சரக்கும் அவனேதான்!

"சம்மதம் கேட்டார்களா?" என்றால், ஆராய்ச்சிக்குத் தனியாகக் கேட்டார்கள். நூற்றுக்குச் சுமார் 80 பேர் சம்மதித்தார்கள் என்று கம்பெனியே சொன்னது. ஆனால், "கம்பெனி கைமாறினால் உன் தகவலும் கூடவே கைமாறும்" என்ற விஷயம் எங்கே இருந்தது? நீளமான நிபந்தனைப் பட்டியலுக்குள் இருந்தது. வீட்டுக் கடன் பத்திரத்தையே முழுசாகப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவன் மனிதன். எச்சில் குப்பிக்கா உட்கார்ந்து படிப்பான்?

14 ஆயிரம் பூட்டு, 69 லட்சம் வீடு!

2023-ல் கம்ப்யூட்டர் திருடர்கள் உள்ளே புகுந்தார்கள். வேறு இடங்களில் திருடிய பாஸ்வேர்டுகளை இங்கே போட்டுப் பார்த்தார்கள். சுமார் 14 ஆயிரம் கணக்குகள் திறந்துகொண்டன. அதோடு முடிந்ததா? இல்லை. ஒருவர் கணக்கைத் திறந்தால் அவருடைய சொந்தக்காரர்கள் வரிசையாகத் தெரியும் வசதி அதில் இருந்தது. அந்த வழியாக 69 லட்சம் பேரின் விவரம் பறிபோனது!

யூதர்கள் யார், சீன வம்சாவளியினர் யார் என்று பட்டியல் பிரித்து இணையத்தில் விற்பனைக்கு வைத்தார்கள். எவ்வளவு விபரீதம்! மாதக் கணக்கில் நடந்த இந்தத் திருட்டு, கம்பெனிக்கு அக்டோபரில்தான் தெரிந்தது.

கம்பெனி தரப்பு என்ன சொன்னது தெரியுமா? "ஒரே பாஸ்வேர்டைப் பல இடத்தில் வைத்தது வாடிக்கையாளர் குற்றம்" என்றது. சரி, 14 ஆயிரம் பேர் கவனக்குறைவு என்றே வைத்துக்கொள்வோம். மற்ற லட்சக்கணக்கான பேர் என்ன பாவம் செய்தார்கள்? சொந்தக்காரர்களுக்குக் காட்டத்தானே சம்மதித்தார்கள்? திருடனுக்குக் காட்டவா சம்மதித்தார்கள்? பாதுகாப்பு போதாது என்று சொல்லி, இங்கிலாந்து அரசு அமைப்பு 2025 ஜூனில் 23 லட்சத்து 10 ஆயிரம் பவுண்டு அபராதம் போட்டது.

டி.என்.ஏ. என்பது பாங்கிக் கணக்கு மாதிரி தனி ஆள் சமாசாரம் அல்ல. பிள்ளையிடம் இருப்பதில் பாதி தாயிடமிருந்து வந்தது, பாதி தகப்பனிடமிருந்து வந்தது. சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளுடன் சுமார் எட்டில் ஒரு பங்கு பொது. அண்ணன் துப்பினால் தம்பியின் ரகசியமும் பாதி வெளியே வந்துவிடும். தம்பி குப்பியைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டான்!

கோர்ட்டுக்குப் போன மாநிலங்கள்

2025 மார்ச்சில் கம்பெனி திவால் மனு போட்டது. "தகவலை உடனே அழிக்கச் சொல்லுங்கள்" என்று கலிபோர்னியா அரசின் தலைமை வக்கீல் மக்களை எச்சரித்தார். சுமார் 19 லட்சம் பேர் அழிக்கச் சொல்லி எழுதினார்கள்.

ஜூன் மாதம் 27 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் கோர்ட்டுக்குப் போயின. "ஒவ்வொருவரிடமும் புதிதாகச் சம்மதம் வாங்காமல் விற்கக் கூடாது" என்பது வாதம். ஆனாலும் விற்பனைக்குக் கோர்ட்டு அனுமதி கொடுத்தது. வாங்கியது, கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆன் வோஜ்சிக்கி அமைத்த லாப நோக்கமில்லாத நிறுவனம். பழைய நிபந்தனைகளையே காப்பாற்றுவோம் என்று அது வாக்குக் கொடுத்திருக்கிறது.

நல்லதுதான். ஆனால் இது அதிர்ஷ்டம், பாதுகாப்பு அல்ல. அடுத்த கம்பெனி திவாலானால் வாங்க வருவது யாரோ!

ஆஸ்பத்திரியில் நோயாளியின் தகவலைக் காக்க அமெரிக்காவில் 1996-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தபாலில் எச்சில் வாங்கும் இந்த மாதிரி கம்பெனிகளை அது கட்டுப்படுத்துவதில்லை. 2008-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று, டி.என்.ஏ.வைக் காட்டி வேலை மறுக்கக் கூடாது, மருத்துவ இன்சூரன்ஸ் மறுக்கக் கூடாது என்கிறது. ஆயுள் இன்சூரன்ஸ் அந்தச் சட்டத்தில் சேரவில்லை. எவ்வளவு பெரிய ஓட்டை!

சர்க்கரை வியாதிக்குக் கொடுத்த ரத்தம்

இது வியாபாரிகள் மட்டும் செய்த வேலை என்று நினைக்க வேண்டாம். படித்த மேதைகள் இருக்கும் இடத்திலும் இது நடந்தது.

அரிசோனா மாநிலத்தில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் ஹவாசுபாய் என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். சர்க்கரை வியாதி அவர்களை வாட்டியது. 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களுக்கு ரத்தம் கொடுத்தார்கள். வியாதிக்கு விடிவு பிறக்கும் என்பது நம்பிக்கை.

2003-ல் உண்மை வெளியே வந்தது. அதே ரத்தத்தை வைத்து மனநோய் ஆராய்ச்சி! உறவுக்குள் நடந்த இனக்கலப்பு பற்றி ஆராய்ச்சி! முன்னோர்கள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்று ஆராய்ச்சி! இந்தப் பள்ளத்தாக்கே நம் பிறப்பிடம் என்று வழிவழியாக நம்பும் மக்கள் அவர்கள். மனம் கொதித்துப்போனார்கள். வழக்குப் போட்டார்கள். 2010-ல் 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்சமிருந்த ரத்த மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்துச் சமரசம் செய்தது பல்கலைக்கழகம்.

ஆராய்ச்சியாளர்கள் படிவத்தைக் காட்டினார்கள். அதில் பொதுவாக 'நோய்கள்' என்றுதான் எழுதியிருந்தது. படிவம் சரியாக இருக்கலாம். கொடுத்தவன் மனதில் இருந்தது என்ன? அதுவல்லவா சம்மதம்!

கொலைகாரன் பிடிபட்டானே?

"டி.என்.ஏ.வைப் பகிர்ந்ததால்தானே கொலைகாரன் சிக்கினான்?" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். 1970-80-களில் கலிபோர்னியாவை நடுங்க வைத்த ஆசாமியை 2018-ல் போலீசார் பிடித்தார்கள். கொலை நடந்த இடத்து டி.என்.ஏ.வை வம்சாவளி இணையதளத்தில் ஏற்றி, தூரத்துச் சொந்தங்களைக் கண்டுபிடித்து, அந்த நூலைப் பிடித்தே வீட்டு வாசலுக்குப் போனார்கள். ஆசாமி மாஜி போலீஸ்காரன்! 13 கொலைகளை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றான். நல்ல காரியம். யாரும் கண்ணீர் விடப்போவதில்லை.

ஆனால் அந்தத் தளத்தில் விவரம் போட்டவர்கள் போலீசுக்காகவா போட்டார்கள்? எழுந்த கூச்சலில், 2019-ல் தளம் விதியை மாற்றியது. 'போலீஸ் பார்க்கலாம்' என்று தானே முன்வந்து சொல்பவர் விவரம் மட்டும்தான் இனிக் கிடைக்கும் என்றது. சம்மதித்தவர்களும் இருக்கத்தான் செய்தார்கள்.

இதுதான் விஷயம். கேட்டால் ஜனங்கள் கொடுக்கிறார்கள். ஆராய்ச்சிக்கு 80 சதவீதம் பேர் தலையாட்டினார்களே! பிறகு கேட்பதற்கு என்ன தயக்கம்?

எதற்காகக் கொடுத்தானோ அதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். வேறு காரியம் என்றால் மறுபடி கேட்க வேண்டும். முதலாளி மாறினால் கட்டாயம் கேட்க வேண்டும். 'அழித்துவிடு' என்று சொன்னால் எச்சில் குப்பியையும் சேர்த்து அழிக்க வேண்டும். இதைக் கம்பெனியின் நல்ல மனதுக்கு விடாமல் சட்டமாக்க வேண்டும்.

பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். பாங்கிக் கணக்கை மூடிவிடலாம். டி.என்.ஏ. திருடு போனால் எதை மாற்றுவது? தாய் தகப்பனையா?