தவறான விடையையும் படியுங்கள்

52-லிருந்து 38-ஐக் கழிக்கச் சொன்னால், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் 26 என்று எழுதுகிறார்கள். ஆசிரியர் சிவப்பு மையில் தவறு போட்டுவிட்டு அடுத்த நோட்டைத் திறக்கிறார். இது கவனக்குறைவால் வந்த பிழை அல்ல. 2-இல் 8 போகாதே என்று யோசித்து, 8-இல் 2-ஐக் கழித்திருக்கிறது குழந்தை. பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க வேண்டும் என்று முன்பு படித்ததை விடாமல் கடைப்பிடித்திருக்கிறது. பத்துக்குச்சிக் கட்டு ஒன்றை அவிழ்த்து, கையிலுள்ள இரண்டோடு சேர்த்துப் பன்னிரண்டாக எண்ணிப் பார்த்திராத பிள்ளைக்குக் 'கடன் வாங்குதல்' வெறும் சடங்குதான்.

நாட்டின் ஊரகப் பகுதிகளில் மூன்றாம் வகுப்பில் இத்தகைய கழித்தலைச் செய்யத் தெரிந்தவர்கள் 33.7 விழுக்காடு, ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் தெரிந்தவர்கள் 30.7 விழுக்காடு. ஊரகப் பிள்ளைகளின் கற்றல் நிலையை ஆராயும் 'அசர்' ஆய்வின் 2024ஆம் ஆண்டு அறிக்கை சொல்லும் கணக்கு இது. அதற்காகக் குழந்தைகளுக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. டெல்லி, கொல்கத்தா சந்தைகளில் வியாபாரம் செய்யும் சிறுவர்கள் மனக்கணக்கில் சரியாக விலை சொல்கிறார்கள், பாடப்புத்தகக் கணக்கில் தடுமாறுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளின் நிலை இதற்கு நேர்மாறு. பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் 2025இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது.

கணக்கைப் புரிந்து படிக்க வேண்டும் என்பது தமிழகத்துக்குப் புதிய பாடமல்ல. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றலும், 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் கணக்கில் பொருளைத் தொட்டு எண்ணவைக்க வந்தவை. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிப்பதும் நல்ல ஏற்பாடு. மதிப்பீட்டில்தான் சறுக்குகிறோம். எந்த விடை, எத்தனை மதிப்பெண் என்று செயலியில் ஏற்றுவதிலேயே ஆசிரியரின் நேரம் கரைந்தால், 26 எப்படி வந்தது என்று யார் கேட்பது? ஈராசிரியர் பள்ளியில் இந்தச் சுமை இன்னும் கொடியது.

வாய்ப்பாடு வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். கட்டாயம் வேண்டும். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று நாவில் நின்றால்தான் வகுத்தலில் மனம் அலையாது. ஆனால் மனப்பாடத்தை மட்டுமே சோதிக்கும் தேர்வு போதாது.

பள்ளிக் கல்வித் துறை, ஐந்தாம் வகுப்புவரை கணக்குத் தேர்வில் வழிமுறைக்கும், வாய்மொழியாக விளக்குவதற்கும் மதிப்பெண் ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு வளரறி மதிப்பீட்டுக்குப் பிறகும், தவறிய பகுதியைத் திரும்ப நடத்தச் சில நாட்களைப் பாடத்திட்டத்திலேயே விட்டுவைக்க வேண்டும். அந்த நாட்களில் பதிவேற்ற வேலை எதையும் ஆசிரியர் தலையில் கட்டக் கூடாது. வரும் கல்வியாண்டிலேயே இதற்கான ஆணை வெளிவர வேண்டும்.