டவர் பட்டியலைப் பலகையில் ஒட்டுங்கள்

சிக்னலுக்கே ‘டவர்’ என்று பெயர் வைத்தவர்கள் நாம். ‘டவர் கிடைக்கலை’ என்று ரேஷன் கடைக்காரர் கைரேகை மெஷினைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவதும், அட்டையும் பையுமாகப் பாட்டிமார் அவர் பின்னாலேயே நகர்வதும் கிராமங்களில் பழகிப்போன காட்சி. அதே டவர் பக்கத்து மனையில் எழும்பினால் தெருவே திரண்டு மறிக்கிறது. முரண்பாடு என்று சிரிப்பது சுலபம். ஜேசிபி வந்து பள்ளம் தோண்டும்வரை அந்தத் தெருவுக்கு யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா?

சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. தனியார் இடத்தில் டவர் அமைக்க அனுமதி வாங்கத் தேவையில்லை, கட்டுமானப் பொறியாளரின் சான்றோடு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்தால் போதும் என்று 2022-ல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. வேலை விரைவாக நடக்க அது உதவும். அதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால், அந்தக் கடிதம் அலுவலகக் கோப்பில் உறங்குவதைத்தான் எதிர்க்கிறோம்.

கதிர்வீச்சு அச்சமும் இந்த இருட்டில்தான் வளர்கிறது. சர்வதேச அளவுகோலில் பத்தில் ஒரு பங்குதான் இந்தியாவில் உச்சவரம்பு. இந்த வரம்பு 2012 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. வீட்டருகே எந்த டவர் இருக்கிறது, விதிப்படி இயங்குகிறதா என்று பார்க்க 2017-ல் தொலைத்தொடர்புத் துறை ‘தரங் சஞ்சார்’ என்ற இணையதளத்தையும் திறந்தது. 4,000 ரூபாய் கட்டினால் நேரில் வந்து அளந்தும் காட்டுவார்கள். பெரம்பலூர் மாவட்டத்து வேப்பந்தட்டையிலோ அரியலூர் மாவட்டத்துச் செந்துறையிலோ அந்த இணையதளத்தின் பெயரைக் கேள்விப்பட்டவர் எத்தனை பேர்? அந்த 4,000 ரூபாய் ஒரு விவசாயக் கூலிக்கு எத்தனை நாள் சம்பளம்?

இன்னொரு கூட்டம் இந்த அறியாமையிலேயே பிழைக்கிறது. ‘உங்கள் நிலத்தில் டவர் வைக்கிறோம், லட்சக்கணக்கில் அட்வான்ஸ், மாத வாடகை, முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்’ என்று அழைத்துப் பணத்தைச் சுருட்டும் கூட்டம். டவர் அமைக்கத் தாங்கள் தடையில்லாச் சான்று எதுவும் தருவதில்லை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் எச்சரித்த பிறகும் ஏமாறுவோர் இருக்கிறார்கள். உண்மையான பட்டியல் ஊராட்சிப் பலகையில் இருந்தால், போன் வந்த அன்றே ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

பட்டியலை வெளியிடாமலிருக்க அதிகாரிகள் பாதுகாப்புக் காரணம் சொல்வார்கள். ஊர் எல்லையிலிருந்தே கண்ணில் படுகிற, இரவில் சிவப்பு விளக்கு எரிகிற ஒன்றில் என்ன ரகசியம்? பிரான்சில் ஆன்டெனா எங்கெங்கே இருக்கிறது, எங்கே எவ்வளவு அளந்தார்கள் என்பதை அரசு அமைப்பே வரைபடமாக வெளியிடுகிறது. நிலத்துக்காரரின் பெயரும் வாடகையும் நமக்கு வேண்டாம். இடம், நிறுவனம், உயரம், சான்று தேதி போதும்.

2007-ல் ஆ.ராசா மத்திய தொலைத்தொடர்பு அமைச்சரானபோது அவர் பெரம்பலூர் தொகுதி எம்.பி. அந்த ஊருக்கே டவர் பட்டியல் கேட்டுத் தலையங்கம் எழுத வேண்டியிருக்கிறது!

பெரம்பலூர், அரியலூர் ஆட்சியர்கள் டெல்லிக்கு எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, யாரும் கேட்காமலே தகவலை வெளியிடச் சொல்கிறது. வந்த கடிதங்களைத் தொகுத்து அடுத்த கிராம சபையில் படிக்கட்டும். நகராட்சிகள் வார்டு வாரியாக ஒட்டட்டும். அதுவரை வாசகர்கள் சும்மா இருக்க வேண்டாம். பத்து ரூபாய் கட்டணத்துடன் உங்கள் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதுங்கள். 30 நாளில் அவர் பதில் தந்தாக வேண்டும்.