பலாலிக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம்?

பலாலியிலிருந்து சென்னை வான்வழியே ஏறத்தாழ 355 கிலோமீற்றர். திருச்சிராப்பள்ளி ஏறத்தாழ 185 கிலோமீற்றர். சிறிய விமானமும் சென்னையை ஒன்றேகால் மணி நேரத்தில் அடைந்துவிடும். ஆயினும் நெடுங்காலமாக யாழ்ப்பாணத்தான் சென்னை செல்ல மேற்கொண்ட வழி யாது? ஏழெட்டு மணி நேரம் தரைவழியே தெற்கு நோக்கிச் சென்று, கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, மீண்டும் வடக்கு நோக்கி ஏறத்தாழ 645 கிலோமீற்றர் பறந்தான். கட்டுநாயக்காவையும் சென்னையையும் இணைக்கும் நேர்கோடு யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேலேயே செல்கிறது. தன் வீட்டுக் கூரைக்கு மேலாகப் பறப்பதற்கு இரவெல்லாம் விழித்துக் கொழும்புப் பக்கம் போக வேண்டியிருந்தது! இத்தூரம் இயற்கை வகுத்ததன்று, ஆட்சியாளர் வகுத்தது.

இது புதிய வழியுமன்று. 1947 டிசம்பர் 10ஆம் நாள் எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை என அந்நாளில் அழைக்கப்பட்ட பலாலித் தளத்தில் இறங்கியே சென்னை சென்றது. பின்னர் போர் வந்தது, வழி அடைபட்டது. போர் முடிந்தது 2009இல். பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டதோ 2019 ஒக்டோபர் 17இல். அடுத்த மாதம் தொடங்கிய சென்னைச் சேவை 2020 மார்ச்சில் நோய்த் தொற்றினால் நின்றது. கட்டுநாயக்கா 2021 ஜனவரியில் பயணிகளுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. பலாலிக்குச் சென்னை விமானம் திரும்பி வந்ததோ 2022 டிசம்பர் 12இல். ஒரே நாட்டின் இரு வாயில்களுக்கிடையே ஏறத்தாழ இரண்டு ஆண்டு வேற்றுமை ஏன்? விடை கூறும் கடமை அரசாங்கத்துக்கு உண்டு.

பலாலி வளர வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. எழுபது எண்பது பேர் செல்லும் விமானங்களோடு நின்றுவிடலாகாது. மருத்துவத்துக்கும் கல்விக்கும் செல்வோர், உறவினரைக் காணச் செல்வோர், விளைபொருளை வெளிச்சந்தைக்கு அனுப்ப விரும்பும் கமக்காரர் ஆகிய யாவருக்கும் அது வேண்டும்.

ஆனால் வளர்ச்சியின் பெயரால் கமக்காரனின் நிலம் மறைந்துபோக நாம் உடன்படோம். வலிகாமம் வடக்கின் செம்மண் நிலத்தை விட்டு மக்கள் 1990இல் வெளியேறினர். 2013இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, உரிமையாளர் ஆயிரக்கணக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றனர். பல காணிகள் பின்னர் விடுவிக்கப்பட்டன, யாவும் விடுவிக்கப்படவில்லை. 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டம் பொதுத் தேவைக்கே நிலம் எடுக்க இடந்தருகிறது. ஓடுபாதை பொதுத் தேவை. அதனை யார் மறுப்பர்? படையினர் பயிர் செய்வது எவ்வகையிலே பொதுத் தேவையாகும்?

ஆதலின் நாம் கேட்பது இது: ஓடுபாதைக்கு வேண்டிய நிலத்தை அளந்து, வரைபடத்தை மக்கள் முன் வைக்குக. அந்நிலத்துக்கு இன்றைய பெறுமதியில் நட்டஈடு வழங்குக. எஞ்சிய ஒவ்வொரு பரப்பையும் உரியவரிடம் ஒப்படைக்குக. காணி உறுதி வைத்திருப்போர் அவற்றைப் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துக. சட்டத்தரணிகள் ஊர்தோறும் சென்று அவர்க்குத் துணை நிற்க. விமானம் உயரப் பறக்கட்டும். அதன் கீழுள்ள மண் அதனை உழுதவனுக்கே உரியதாகட்டும்.