சைக்கிளுக்குப் பின்னாடி ஒரு மின்மினி

போன புரட்டாசி சனிக்கிழமை, விடியக்காலம் நாலரை மணி. ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டுல பைக்ல போயிட்டிருக்கேன், திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாளைப் பார்க்க. (கார்த்திகை தீபத் திருவண்ணாமலை இல்லீங்க, இது நம்மூர் மலை.) எதிர்ல வந்த லாரி வெளிச்சத்துல கண்ணு கூசிப்போச்சு. லாரி தாண்டினதும் பார்த்தா, என் முன்சக்கரத்துக்கு நாலு முழத்துல ஒரு பெரியவர் சைக்கிள்! பிரேக்கை அமுக்கின அமுக்குல எனக்கு உயிரே போயிட்டு வந்துச்சு. அவர் திரும்பி, "பார்த்துப் போங்க தம்பி"ன்னார். பார்க்கிறதுக்கு அங்க என்ன அண்ணாச்சி இருந்துச்சு? :-)

அன்னிக்கு சாயங்காலமே வீட்டுல உட்கார்ந்து ஒண்ணு செஞ்சேன். ஒரு பட்டன் பேட்டரி, ஒரு மினுக்கு எல்.இ.டி., ஒரு சின்ன காந்தம், கொஞ்சம் டேப். அவ்வளவுதான். என் சொந்தக் கண்டுபிடிப்புன்னு பீத்திக்க மாட்டேன். 2006-ல நியூயார்க்ல கிராஃபிட்டி ரிசர்ச் லேப்னு ஒரு குழு இதைச் செஞ்சு, இரும்புக் கட்டடங்கள் மேல தூக்கி எறிஞ்சு ஒட்ட வச்சாங்க. பார்க்க அழகுதான். ஆனா எறியற வேலை எனக்குப் பிடிக்கலை. நாலு நாள்ல அணைஞ்சு கீழே விழுந்தா அது குப்பை, அதுலயும் பேட்டரிக் குப்பை. எறியாம ஒட்டினா இதைவிட உருப்படியான சாமான் கிடையாதுங்கிறது என் கட்சி.

சி.ஆர்.2032 பேட்டரி 3 வோல்ட். எல்.இ.டி.யோட நீளக்கால் பிளஸ் பக்கம், குட்டைக்கால் மறுபக்கம். நடுவுல பேட்டரியைச் செருகினா மினுக்க ஆரம்பிச்சிடும். மினுக்குற சில்லு எல்.இ.டி.க்குள்ளயே இருக்கு. ரெசிஸ்டர் வேண்டாமான்னு கேப்பீங்க. பேட்டரியோட உள்தடையே கரண்டைக் கட்டுப்படுத்திடும். காந்தத்தை பிளஸ் பக்கம்தான் வைக்கணும். மறுபக்கம் வச்சு, அது விளிம்புல முட்டிச்சுன்னா ஷார்ட் ஆகிடும். சிவப்பே வாங்குங்க. சிவப்புக்கு 2 வோல்ட் போல இருந்தாப் போதும். நீலம், பச்சைக்கு 3 வோல்ட் பக்கம் வேணும். அதனால பல கலர் மாறுற வகையில பேட்டரி இறங்க இறங்க அதுக ரெண்டும் முதல்ல மங்கிடும். தலைப்பகுதியை உப்புத்தாள்ல லேசாத் தேய்ச்சு விட்டா, வெளிச்சம் நேரா மட்டும் போகாம பக்கவாட்டுலயும் பரவும். அணைக்கணுமா? காலுக்கும் பேட்டரிக்கும் நடுவுல ஒரு துண்டு காகிதம்.

தாத்தா காலத்து சைக்கிளோட இரும்பு மட்கார்டுல கும்முனு ஒட்டிக்குது. என் மருமகனோட அலுமினிய கியர் சைக்கிள்ல ஒட்டவே மாட்டேங்குது, அவன் முகத்தைப் பார்க்கணுமே! நடந்து போறவங்களுக்கு இன்னொரு வழி இருக்கு. துணிப்பைக்கு உள்ளே ஒரு இரும்பு வாஷர், வெளியே லைட்டு. துணியைத் தாண்டிப் பிடிச்சுக்கும். ஆடியில இருக்கன்குடிக்கு ராத்திரியில நடக்கிற கூட்டத்துல கடைசி ஆள் முதுகுல இப்படி ஒண்ணு மினுக்கினாலே, பின்னாடி வர்ற வண்டிக்காரனுக்கு ஆள் இருக்கிறது தெரியும்.

கடையில வாங்குற நல்ல பின்விளக்குக்கு இது ஈடுன்னு நான் சொல்லலை. இருட்டுக்கு இது எவ்வளவோ மேல், அவ்வளவுதான்.

ஆனா ஒரு விஷயத்துல நான் கறார். பிள்ளைங்க கைக்கு இது போகவே கூடாது. பட்டன் பேட்டரியை முழுங்கி அது தொண்டைக்குழாய்ல சிக்கிச்சுன்னா, ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே உள்ளே வெந்து புண்ணாயிடும். முழுங்கிட்டான்னு சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடணும், வாழைப்பழம் குடுத்துப் பார்த்துட்டு இருக்கக் கூடாது. காந்தம் ரெண்டு மூணு உள்ளே போனா குடலையே நடுவுல பிடிச்சு ஓட்டை போட்டுடும். அதனால 'பிள்ளைங்களுக்கான ஈஸி புராஜெக்ட்'னு இதைச் சொல்றவங்களோட எனக்கு ஒத்துப்போகாது. பெரியவங்க செய்யுங்க, டேப்பை நாலு சுத்து இறுக்கிச் சுத்துங்க, தீர்ந்த பேட்டரியையும் டேப் ஒட்டி எட்டாத இடத்துல வைங்க.

இப்ப ஆறு செஞ்சு பைக் டேங்க் கவர்ல போட்டு வச்சிருக்கேன். அடுத்த புரட்டாசிக்கு அந்தப் பெரியவர் கண்ணுல பட்டா, ஒண்ணு அவர் மட்கார்டுல ஒட்டிடணும்.